பூர்விகம் தெரியாத காலனிக்கால அமெரிக்கக் குடும்பம்: வேரைத் தேடிப் பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

1859 டிசம்பரில், அதிபர் தேர்தலுக்கு முந்தைய ஆண்டு, ஆபிரகாம் லிங்கன் தன்னைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதிக் கொடுத்தார். அப்பாவழித் தாத்தா வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் கவுண்டியிலிருந்து (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) கென்டக்கிக்கு வந்தவர். அதற்கு முன்னால் குடும்பம் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டியில் இருந்தது. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். மாசசூசெட்ஸில் அதே பெயரில் ஒரு பழைய குடும்பம் இருந்தது. இரண்டையும் இணைக்க முயன்றபோது ஈனோக், லேவி, மொர்தெகாய், சாலமன், ஆபிரகாம் என்று இரு பக்கமும் ஒரே மாதிரிப் பெயர் வைத்திருப்பதைத் தாண்டி எதுவும் உறுதியாகவில்லை என்று அந்தக் குறிப்பிலேயே சொல்லியிருக்கிறார்.

அந்த இணைப்பு உண்மைதான் என்பது அவர் காலத்துக்குப் பிறகே நிலைநாட்டப்பட்டது. 1637இல் இங்கிலாந்திலிருந்து மாசசூசெட்ஸின் ஹிங்கம் ஊருக்கு வந்த சாமுவேல் லிங்கன்தான் மூலவர். லிங்கன் கையில் வைத்திருந்த ஒரே துப்பு, அதாவது பெயர் ஒற்றுமை, சரியான திசையைத்தான் காட்டியது. ஆனால் அதை வைத்து அவர் முடிவுகட்டவில்லை. இந்த வேலையில் இறங்குபவர்களுக்கு முதலில் வேண்டியது அந்த நிதானம்தான்.

அமெரிக்காவில் குடியேறிய நம்மவர் வீடுகளில் மருமகனோ மருமகளோ இப்படியொரு பழைய குடும்பத்திலிருந்து வருவது இப்போது சாதாரணம். பேரப்பிள்ளை “அம்மா பக்கத்து ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்?” என்று கேட்டால் எங்கே தொடங்குவது? வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: உறுதியாகத் தெரிந்த கடைசி ஆளிடம் நில்லுங்கள்

கப்பலில் தொடங்காதீர்கள். இன்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் “இவர் இன்னாருடைய பிள்ளை” என்று சொல்லும் ஆவணம் ஒன்றாவது வேண்டும். 1850 வரை பின்னோக்கிப் போவது பெரும்பாலும் எளிது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்துதான் வீட்டிலுள்ள சுதந்திர மக்கள் அனைவரின் பெயரும் வயதும் பிறந்த மாநிலமும் எழுதப்பட்டன. 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும். மற்றவர்கள் எல்லாம் வெறும் எண்ணிக்கை. தேடல் பொதுவாக இந்த இருட்டில்தான் சிக்கும்.

அந்த இருட்டில் கைகொடுப்பது சுதந்திரப் போர் வீரர்களின் ஓய்வூதிய மனுக்கள். 1832 சட்டத்தின்படி மனு போட்ட முதியவர்கள் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எங்கே, எந்த ஆண்டில் பிறந்தீர்கள்? வயதுக்கு ஏதாவது பதிவு உண்டா? படையில் சேர்ந்தபோது எங்கே குடியிருந்தீர்கள், போருக்குப் பிறகு எங்கெல்லாம் இருந்தீர்கள்? ஒருவருடைய இடப்பெயர்வு முழுவதும் அவர் வாயாலேயே கிடைத்துவிடும். விதவைகள் திருமணத்தை நிரூபிக்க வீட்டு பைபிளில் பிறப்பு இறப்பு எழுதிய பக்கத்தையே கிழித்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தத் தாள்கள் இன்றும் தேசிய ஆவணக் காப்பகத்தின் கோப்புகளில் இருக்கின்றன. உங்கள் ஆள் போருக்குப் போகவில்லை என்றாலும் அவருடைய அண்ணன் தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் மனுக்களைப் பாருங்கள்.

படி 2: வீட்டுக் கதையைக் கேளுங்கள், ஆனால் கிரயம் பண்ணிவிடாதீர்கள்

“மூன்று அண்ணன் தம்பிகள் கப்பலில் வந்தார்கள், ஒருவர் வடக்கே போனார், ஒருவர் தெற்கே, ஒருவர் மேற்கே.” இந்தக் கதை சொல்லாத பழைய அமெரிக்கக் குடும்பம் அபூர்வம். ஒரே பெயர் மூன்று இடங்களில் இருப்பதற்கு யாரோ எப்போதோ சொன்ன சமாதானம் அது. அதற்காக எல்லாக் கதையையும் தள்ளிவிடவும் முடியாது. லிங்கன் தன் தாத்தா 1781 அல்லது 82 வாக்கில் கென்டக்கிக்கு வந்தார், ஓரிரு ஆண்டுகளில் செவ்விந்தியர் கையால் கொல்லப்பட்டார் என்று எழுதினார். சம்பவம் உண்மை, ஆனால் நடந்தது 1786இல். வீட்டுக் கதைகள் பெரும்பாலும் இப்படித்தான்: நடந்தது சரியாக இருக்கும், ஆண்டு நழுவியிருக்கும்.

அச்சான குலவரலாற்றுப் புத்தகங்களில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். கஸ்டாவ் அஞ்சூ என்றொருவர், ஸ்வீடனில் மோசடிக்காகத் தண்டிக்கப்பட்டு அமெரிக்கா வந்து, பணக்காரக் குடும்பங்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு வம்சாவளி செய்து கொடுத்தார். உண்மையான ஆவணங்களுக்கு நடுவே இல்லாத உயிலையும் இல்லாத ஞானஸ்நானப் பதிவையும் செருகிவிடுவது அவர் கைவரிசை. அவர் 1942இல் போய்விட்டார், அவர் செய்த மூதாதையர்கள் இன்றும் இணையக் குடும்ப மரங்களில் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு தகவல் ஐந்நூறு மரங்களில் இருக்கிறது என்பதற்காக அது ஐந்நூறு சாட்சி ஆகாது. எல்லோரும் ஒரே இடத்தில் நகலெடுத்திருப்பார்கள்.

படி 3: அந்தக் காலத்துத் தேதியும் உறவு முறையும்

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆவணத்தைத் தொட்டால் ஒரே ஆள் இரண்டு ஆளாவார், இரண்டு பேர் ஒருவராவார்கள்.

1752க்கு முன் ஆங்கிலேயக் காலனிகளில் புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சின் பெரும்பகுதி எல்லாம் பழைய ஆண்டின் கணக்கில் வரும். அதனால்தான் ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்த நாளை 1731/32 பிப்ரவரி 11 என்று எழுதுகிறார்கள். 1752 செப்டம்பரில் 2ஆம் தேதிக்கு மறுநாள் 14ஆம் தேதி ஆக்கியபோது பதினொரு நாள் காணாமல் போனது, அவர் பிறந்த நாளும் 22 ஆயிற்று. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மாதத்துக்குப் பெயர் எழுதாமல் எண் எழுதுவார்கள். 1752க்கு முன் அவர்களுடைய முதல் மாதம் மார்ச். “திருமணம் ஆன ஆறாவது மாதமே குழந்தை” என்று பதறுவதற்கு முன்னால் இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உறவுச் சொற்களும் அப்படியே. “ஜூனியர்” என்றால் மகன் என்று அர்த்தமில்லை. ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் இளையவர் ஜூனியர், அவர் தம்பி மகனாக இருக்கலாம், சம்பந்தமே இல்லாதவராகவும் இருக்கலாம். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியராகிவிடுவார். “கசின்” என்பது பல உயில்களில் அண்ணன் மகனையோ அக்காள் மகளையோ குறிக்கும். “சன்-இன்-லா” என்பது மருமகனாகவும் இருக்கலாம், மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த பிள்ளையாகவும் இருக்கலாம்.

படி 4: எந்தக் காலனி என்று பார்த்துத் தேடுங்கள்

நியூ இங்கிலாந்து, அதாவது மாசசூசெட்ஸ் உள்ளிட்ட வடகிழக்குப் பகுதி என்றால் கொடுத்துவைத்தவர்கள். ஊர் எழுத்தர்கள் பிறப்பு, திருமணம், இறப்பை எழுதி வைத்தார்கள். மாசசூசெட்ஸ் ஊர்கள் பலவற்றின் பதிவுகள் 1850 வரை அச்சாகியிருக்கின்றன. அங்கே வேறொரு சுவையான பதிவும் உண்டு. ஏழைகளைக் காப்பாற்றும் செலவு ஊர் தலையில் விழுந்துவிடும் என்பதால், புதிதாக வந்து தங்கியவர்களை “ஊரை விட்டுப் போங்கள்” என்று எழுத்தில் எச்சரிப்பார்கள். பலர் போகமாட்டார்கள், அது வேறு கதை. ஆனால் அந்த எச்சரிக்கைத் தாளில் குடும்பத்தார் பெயரும் கடைசியாக எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதும் இருக்கும். பூர்விகம் தேடுபவருக்கு அந்த அவமானம்தான் வரம்.

பென்சில்வேனியாவில் 1727 முதல் ஜெர்மன் குடியேறிகளில் 16 வயதைத் தாண்டிய ஆண்கள் விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும். கப்பல் தலைவர் கொடுத்த பட்டியலில் பெயர்கள் ஆங்கிலக் காதுக்குக் கேட்டபடி கன்னாபின்னாவென்று இருக்கும். பிரமாணப் பட்டியலில் எழுதத் தெரிந்தவர்கள் தாங்களே கையெழுத்திட்டார்கள். அந்தக் கையெழுத்தைப் பாருங்கள். மில்லர் என்று இன்று அழைக்கப்படும் குடும்பம் அங்கே ம்யூல்லராக இருக்கும், கார்ப்பென்டர் சிம்மர்மேனாக இருப்பார்.

தெற்கே போனால் கஷ்டம். வர்ஜீனியாவில் ஒருவரைச் செலவழித்து அழைத்து வந்தால் 50 ஏக்கர் நிலம் என்ற ஹெட்ரைட் முறை இருந்தது. அந்த நிலப் பட்டாக்களில் அழைத்துவரப்பட்டவர்கள் பெயர்கள் இருக்கும். ஆனால் பட்டாவின் ஆண்டு வந்து சேர்ந்த ஆண்டு அல்ல. அந்த உரிமையை விற்பார்கள், வாங்குவார்கள், ஒரே ஆளை இரண்டு முறை கணக்கு காட்டவும் செய்வார்கள். 1635இல் ஜார்ஜ் மெனிஃபி என்பவர் காட்டிய பட்டியலில் ‘டோனி, கிழக்கிந்தியர்’ என்றொரு பெயர் இருக்கிறது. நம் பக்கத்திலிருந்து யாரோ ஒருவர் அத்தனை சீக்கிரம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார். குடும்பத்தின் வேர் ஐரோப்பாவாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே முடிவுகட்ட வேண்டாம். ஆப்பிரிக்க வேர் உள்ள குடும்பங்களுக்கு 1662 வர்ஜீனியச் சட்டத்தை மனதில் வையுங்கள்: பிள்ளை அடிமையா சுதந்திரமா என்பது தாயைப் பொறுத்தது. அதனால் அங்கே தேட வேண்டியது தாய் வழி. அடிமை உரிமையாளரின் உயில், சொத்துப் பட்டியல், கவுண்டி நீதிமன்ற உத்தரவுகள் ஆகியவற்றில்தான் அந்தப் பெயர்கள் இருக்கும்.

தெற்கின் பெரிய தலைவலி எரிந்துபோன கவுண்டிகள். நியூ கென்ட் நீதிமன்றத்துக்கு 1787இல் தீ வைத்தார்கள். உள்நாட்டுப் போரின்போது பத்திரமாக இருக்கட்டும் என்று ரிச்மண்டுக்கு அனுப்பிய கவுண்டி ஏடுகள் 1865 ஏப்ரலில் அங்கேயே எரிந்தன. ஏடு எரிந்தால் எல்லாம் போயிற்று என்று விட்டுவிடாதீர்கள். நிலப் பட்டாக்கள் காலனி அரசிடம் தனியாக இருந்தன, அவை வர்ஜீனியா நூலகத்தின் தளத்தில் இலவசம். பங்குக் கோயிலின் (அந்தந்தப் பகுதித் தேவாலயத்தின்) ஏடுகளும் பல இடங்களில் தப்பின. அப்புறம் பக்கத்துக் கவுண்டி: சொத்து அங்கேயும் இருந்திருந்தால் உயிலின் நகல் அங்கே பதிவாகியிருக்கும்.

கவுண்டி எல்லைகள் நகர்ந்துகொண்டே இருந்தன என்பதையும் மறக்க வேண்டாம். லிங்கனின் கொள்ளுத்தாத்தா ஜான் 1768 வாக்கில் வர்ஜீனியாவின் லின்வில் கிரீக் ஓடைக்கரைக்கு வந்தபோது அது ஆகஸ்டா கவுண்டி. 1778இல்தான் ராக்கிங்ஹாம் பிரிந்தது. குடும்பம் அசையவில்லை, ஆவணம் இருக்கும் ஊர் மாறிவிட்டது. நியூபெரி நூலகத்தின் கவுண்டி எல்லை வரைபடத்தில் தேதியைக் கொடுத்தால் அன்றைய எல்லையைக் காட்டும்.

படி 5: நிலத்தைப் பிடியுங்கள்

ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். பிறப்புப் பதிவு இல்லாத ஊரிலும் பத்திரப் பதிவு இருந்தது.

லிங்கன் குடும்பத்தில் விடுபட்ட கண்ணி கிடைத்தது இங்கேதான். மாசசூசெட்ஸ் ஹிங்கமில் பிறந்து நியூ ஜெர்சி போய், பிறகு பென்சில்வேனியாவில் குடியேறிய மொர்தெகாய் லிங்கன் 1736இல் இறந்தார். நியூ ஜெர்சியில் இருந்த 300 ஏக்கரை மகன் ஜானுக்கு உயிலில் எழுதி வைத்தார். 1748இல் பென்சில்வேனியாவில் இருந்த ஜான் லிங்கன் என்பவர் நியூ ஜெர்சியில் 300 ஏக்கர் விற்கிறார். ஜான் லிங்கன் என்ற பெயர் மட்டும் என்றால் எத்தனையோ பேர் இருக்கலாம். அந்த 300 ஏக்கர் ஒருவருக்குத்தான் சொந்தம். இந்த ஜான்தான் பின்னால் வர்ஜீனியா போனவர், அதிபரின் கொள்ளுத்தாத்தா. பென்சில்வேனியாவையும் நியூ இங்கிலாந்தையும் கட்டிப்போட்டது ஒரு சொத்து.

ஒரு பத்திரத்தை எப்படிப் படிப்பது? முதலில், விற்பவருக்கு அந்த நிலம் எப்படி வந்தது என்று தேடுங்கள். விற்ற பத்திரம் இருக்கிறது, வாங்கிய பத்திரமே இல்லை என்றால் பெரும்பாலும் அது பிதிரார்ஜிதம் அல்லது மனைவி வீட்டுச் சொத்து. வர்ஜீனியாவில் உயில் எழுதாமல் இறந்தால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே. 1785இல் சட்டத்தை மாற்றினார்கள், 1787 தொடக்கத்தில்தான் அது நடைமுறைக்கு வந்தது. லிங்கனின் தாத்தா 1786இல் கென்டக்கியில், அப்போது அது வர்ஜீனியாவின் பகுதி, உயில் இல்லாமல் இறந்தார். நிலம் மூத்த மகன் மொர்தெகாய்க்குப் போனது, மகன்களில் இளையவரான தாமஸ் கைவீசிக்கொண்டு நின்றார். அந்த தாமஸ்தான் அதிபரின் அப்பா. நியூ இங்கிலாந்தில் இப்படி இல்லை. அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு, மூத்தவருக்கு இரண்டு பங்கு. ஒருவர் தன் ஏழில் ஒரு பங்கை விற்றால் ஆறு பிள்ளைகளோ என்று கணக்குப் போடலாம்.

அடுத்து செக்குபந்தி. “ஓடைக்கரை வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, வடகிழக்காக நூறு போல் போய், இன்னார் எல்லையைத் தொட்டு…” என்று போகும். ‘போல்’ என்பது அந்தக் கால நில அளவு, ஒன்றுக்குப் பதினாறரை அடி. இதை வரைதாளில் வரைந்து, சுற்றியுள்ள நிலங்களையும் ஒட்டினால் ஒரு ஊரே எழுந்து நிற்கும். வர்ஜீனியாவில் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை அண்டை நிலக்காரர்கள் சேர்ந்து எல்லையைச் சுற்றி நடந்து உறுதிப்படுத்த வேண்டும். யார் யாரோடு நடந்தார்கள் என்று கோயில் ஏட்டில் எழுதினார்கள். மனைவி தன் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டிருந்தால் அவள் பெயர் கிடைக்கும். சாட்சிக் கையெழுத்துகளில் மாமனாரும் மைத்துனரும் ஒளிந்திருப்பார்கள். கொண்டான் கொடுத்தான் எல்லாம் பக்கத்து நிலத்துக்காரர்கள்தான், நம்மூர் போலவே.

இதையெல்லாம் முன்பு மைக்ரோஃபிலிமில் பக்கம் பக்கமாகத் தேட வேண்டியிருந்தது. இப்போது ஃபேமிலிசர்ச் தளத்தில் கையெழுத்துப் பத்திரங்களையும் உயில்களையும் கணினியே படித்து, உள்ளே இருக்கும் எந்தப் பெயரையும் தேட விடுகிறது. அட்டவணையில் வராத சாட்சிப் பெயர்கள்கூடச் சிக்கும். இலவசக் கணக்கு போதும்.

படி 6: இப்போதுதான் கடல் தாண்டலாம்

இந்தப் பக்கம் தெரிந்ததை ஒரு தாளில் எழுதுங்கள்: பிள்ளைகள் பெயர், மனைவி பெயர், வயது, தொழில், யார் கூட வந்தார்கள். இந்தத் தொகுப்புதான் அந்தப் பக்கத்தில் தேட வேண்டியது. தனிப் பெயரை வைத்துத் தேடினால் என்ன ஆகும் என்பதற்கு மேஃப்ளவர் கப்பலில் 1620இல் வந்த ஸ்டீஃபன் ஹாப்கின்ஸ் சாட்சி. அவர் குளோஸ்டர்ஷயர் ஆள், முதல் தாரம் கான்ஸ்டன்ஸ் டட்லி என்று பல காலம் எழுதி வந்தார்கள். பிளிமத் ஆளுநர் பிராட்ஃபோர்டு எழுதிய பயணிகள் பட்டியலில் கைல்ஸ், கான்ஸ்டன்ஸ் இருவரும் முந்தைய மனைவியின் பிள்ளைகள் என்று மட்டும் இருக்கிறது. 1998இல் ஆய்வாளர் காலெப் ஜான்சன் ஹாம்ப்ஷயரின் ஹர்ஸ்லி ஊர்ப் பதிவேட்டில் ஹாப்கின்ஸின் பிள்ளைகளைக் கண்டார்: எலிசபெத், கான்ஸ்டன்ஸ் 1606, கைல்ஸ் 1607/08. தாய் மேரி, அவள் சொத்துக் கணக்கு 1613இல் பதிவாகியிருக்கிறது. ஸ்டீஃபன் 1609இல் பெர்முடா அருகே உடைந்த கப்பலில் போயிருந்தவர் என்பதோடும் காலம் பொருந்துகிறது. ஊர், பிள்ளைகளின் பெயர்கள், ஆண்டுகள், தகப்பன் இல்லாத வீடு என்று எல்லாம் ஒரே இடத்தில் கூடுகின்றன. இப்படி எல்லாம் ஒன்றுகூடாமல் ஒரு ஞானஸ்நானப் பதிவைத் தூக்கி மரத்தில் ஒட்டக் கூடாது.

இங்கிலாந்தின் பங்குக் கோயில் பதிவேடுகள் 1538இல் தொடங்கின, பல ஊர்களில் முதல் ஏடுகள் மிஞ்சவில்லை. 1598 முதல் ஆயருக்கு ஆண்டுதோறும் அனுப்பிய நகல்களைத் தேடுங்கள். 1640களின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் எழுதியவர் குறைவு. பெயரும் ஆண்டும் பொருந்தும் குழந்தை கிடைத்துவிட்டால், அதே ஏட்டில் அந்தக் குழந்தை அடக்கம் செய்யப்பட்டதா, வளர்ந்து அங்கேயே கல்யாணம் செய்து தங்கியதா என்று பாருங்கள். இரண்டு வயதில் இறந்த பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்பி வைத்த குடும்ப மரங்கள் ஏராளம். உயில்களுக்கு 1384 முதல் 1858 வரையிலான கேன்டர்பரி நீதிமன்ற உயில்கள் பிரிட்டன் தேசியக் காப்பகத்தில் இருக்கின்றன. “புதிய இங்கிலாந்தில் இருக்கும் என் தம்பிக்கு” என்று ஒரு வரி போதும்.

நேரடியாகக் கிடைக்காவிட்டால் கூட வந்தவர்களைப் பிடியுங்கள். மாசசூசெட்ஸ் ஹிங்கமுக்கு அந்தப் பெயரே நார்ஃபோக்கின் ஹிங்கமிலிருந்து ஊரோடு கிளம்பி வந்தவர்களால்தான். சாமுவேல் லிங்கனின் ஞானஸ்நானம் 1622இல் அங்கேதான் நடந்தது. கூலி ஒப்பந்தத்தில் வந்தவர் என்றால் பிரிஸ்டல் நகரம் 1654 முதல் 1686 வரை வைத்திருந்த ஒப்பந்தப் பணியாளர் பதிவேடு. 1718க்குப் பிந்தையவர் என்றால் நாடுகடத்தப்பட்ட கைதியாகவும் இருக்கலாம், சுமார் 50,000 பேர் அப்படி வந்தார்கள். குடும்பத்தார் முகம் சுளித்தாலும் பாருங்கள். நீதிமன்றப் பதிவில் தொழிலும் ஊரும் இருக்கும்.

சில சமயம் ஏடு எதிர்பாராத கரையில் இருக்கும். பாஸ்டனில் 1649இல் பிறந்த எலிஹு யேல், பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர், கல்யாணம் செய்தது சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்தில், 1680 நவம்பர் 4இல். அந்தக் கோயிலின் முதல் திருமணமே அதுதான்.

படி 7: டிஎன்ஏ எங்கே உதவும்

எல்லோரும் எடுக்கும் சாதாரணப் பரிசோதனை இவ்வளவு தூரத்துக்கு வலுவற்றது. எட்டுப் பத்துத் தலைமுறைக்கு முந்தைய ஒரு முன்னோரிடமிருந்து உங்களுக்கு எதுவுமே வந்திருக்காமல் இருக்கலாம். அப்பா வழி ஏறக்குறைய மாறாமல் வரும் ஒய் குரோமோசோம் பரிசோதனைதான் இங்கே பயன்படும். ஒரே குடும்பப் பெயர் கொண்ட இரண்டு கிளைகளின் ஆண் வாரிசுகள் பொருந்தவில்லை என்றால் “மூன்று அண்ணன் தம்பி” கதை அன்றே முடிந்தது. பொருந்தினால் ஒரே வேர் என்று தெரியும், எந்த ஆள் என்று தெரியாது. அதைப் பத்திரம்தான் சொல்ல வேண்டும்.

தாய் வழிக்கு, தாயிடமிருந்து மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ. லிங்கனின் தாய் நான்சி ஹாங்க்ஸின் பிறப்பு பற்றி நெடுங்காலம் சண்டை நடந்தது. 2015இல் பெண்வழி வாரிசுகளைப் பரிசோதித்தபோது அரிதான எக்ஸ்1சி என்ற பிரிவு பொருந்தி, லூசி ஹாங்க்ஸின் மகள் என்ற கருத்து வலுப்பட்டது. நான்சியின் தகப்பன் யார் என்பதை அந்தப் பரிசோதனையால் சொல்ல முடியாது.

படி 8: எழுதி வையுங்கள்

கண்ணி சேர்ந்துவிட்டது என்று தோன்றினால் இரண்டு பக்கத்தில் வாதமாக எழுதுங்கள். எந்த ஆவணம் எதைச் சொல்கிறது, அதற்கு எதிராக என்ன இருக்கிறது, அதை ஏன் ஏற்கவில்லை. எந்த ஏட்டில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும் எழுதுங்கள், அடுத்து வருபவருக்கு அது பெரிய உதவி. நேரடி ஆவணம் இல்லாத கண்ணிக்கு “அநேகமாக” என்ற சொல்லைக் கூச்சப்படாமல் போடுங்கள். ஹாப்கின்ஸின் முதல் மனைவிக்குப் பெயர் மேரி, பிறந்த வீடு நிரூபிக்கப்படவில்லை. கவனமானவர்களின் மரங்களில் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது. உங்கள் மரத்திலும் அப்படிச் சில கட்டங்கள் இருக்கட்டும். எழுதியதை ஃபேமிலிசர்ச்சின் பொது மரத்தில் அந்த ஆளின் பக்கத்திலேயே இணைத்துவிடுங்கள். மறு கிளையைத் தேடிக்கொண்டிருக்கும் யாராவது அங்கேதான் முதலில் வந்து பார்ப்பார்கள்.